இருபதாம் தேதி ராத்திரி

சிதம்பரம் கீழவீதியில் இருந்த அந்த டிராவல்ஸ் கடையில் அனுப்பிரியா வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் முடிந்திருந்தது. முதலாளி சபாபதி வாரத்தில் பாதி நாள் சென்னையில் இருப்பார். கடைச் சாவி, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு, வருகிறவர்களின் அவசரம், கோபம் எல்லாம் அவள் பொறுப்பில்தான். இதுவரை ஒரு டிக்கெட்டிலும் பெயரில் எழுத்துப்பிழை வந்ததில்லை என்று அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார்.

ஜூன் பத்தொன்பது, வியாழக்கிழமை. ஷட்டரைத் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காடாம்புலியூரிலிருந்து சுப்பராயலு வந்து உட்கார்ந்தார். முந்திரித் தோப்புக்காரர். தோஹாவில் இருக்கும் மகனைப் பார்க்க அவரும் மனைவியும் முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி பன்னண்டரைக்கு ஃபிளைட்டு. அப்ப ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்ட்டுட்டு பொறப்பட்டா சரியா இருக்கும்ல?"

"இல்லிங்கய்யா, சனிக்கெழமையே பொறப்படணும். ராத்திரி பன்னண்டு தாண்டிட்டா கம்ப்யூட்டருக்கு அது மறுநாளு. டிக்கெட்ல ஞாயிறு பூஜ்யம் முப்பதுன்னு போட்டிருந்தா அது நமக்கு சனிக்கெழம ராத்திரிதான். நெறைய பேரு இதுலதான் ஃபிளைட்ட வுட்டுடறாங்க. நமக்குப் பொழுது விடிஞ்சாதான் அடுத்த நாளு, அவுங்களுக்கு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிற பேச்சு அது. வாய் தன்பாட்டுக்குச் சொல்லும். இன்று பாதியில் நின்றதற்குக் காரணம், குடிகாடு இலக்கியாவின் டிக்கெட் ஞாபகத்துக்கு வந்ததுதான். இலக்கியா இறங்கும் நேரம் பன்னிரண்டு ஐம்பது. இருபதாம் தேதி ராத்திரி பன்னிரண்டு ஐம்பது என்றுதான் அவளும் சொன்னாள், இலக்கியாவும் சொன்னாள், இலக்கியாவின் வீட்டுக்காரர் செந்தமிழ்செல்வனும் போனில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சுப்பராயலு.

"ஒரு நிமிஷம்யா."

கம்ப்யூட்டரில் அந்தப் பதிவைத் திறந்தாள். சென்னையில் பத்தொன்பதாம் தேதி இரவு பதினொன்றேகாலுக்கு ஏறுவது. சிங்கப்பூரில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து அடுத்த விமானம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இறங்குவது 00.50. பக்கத்திலேயே தேதி. இருபத்தொன்று, ஜூன்.

இலக்கியாவின் விசாக் கடிதத்தில், முதல் தடவை நாட்டுக்குள் நுழைய வேண்டிய கடைசி நாள் இருபது என்று இருந்தது. இருபதின் நள்ளிரவு தாண்டினால் அந்த விசாவுக்கு மதிப்பில்லை. ஐம்பது நிமிடம்.

அனுப்பிரியா தேதியை விரல் வைத்து மறுபடி படித்தாள். 

இலக்கியா கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள். நியூசிலாந்துக்குப் பரீட்சை எழுதி, ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதி, அங்கேயே தங்கி வேலை பார்க்கும் விசாவை வாங்கவே மூன்று வருடம் போயிருந்தது. முதலில் அவள் போய் வேலையில் சேர வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கணவரும் மகள் சுவேதாவும் போவதாக ஏற்பாடு. மாமியாருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, மருத்துவமனை வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதத்துக்கு இழுத்தடிப்பு என்று நாள் தள்ளிப்போய்க் கடைசி வாரத்துக்கு வந்து நின்றது. கெடுவை ஒரு தடவை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் நீட்ட மாட்டோம் என்று எழுத்தில் வந்திருந்தது.

அன்று கடைக்கு வந்த இலக்கியா, "எவ்ளோ நேரம் ஆகும் அனு? பத்தொம்போது ராத்திரி ஏறுனா இருபதுக்குள்ள போயிட முடியுமா?" என்று கேட்டாள். அனுப்பிரியா இணையத்தில் தட்டிக் காட்டினாள். சென்னைக்கும் ஆக்லாந்துக்கும் நடுவே பதினோராயிரத்து இருநூற்று எழுபது கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதின்மூன்று மணி என்று ஒரு பக்கம் சொன்னது. உலக உருண்டையில் ஒரு சிவப்புக் கோடு சென்னையிலிருந்து நேரே கடலைத் தாண்டிக் கீழே இறங்கியது. "பதிமூணு மணி நேரம்க்கா. நடுவுல எறங்கி ஏறுனாலும் தாராளமா இருக்கு" என்று அப்போது அவள் சொன்னது இப்போது காதில் கேட்டது. அந்தக் கோட்டில் போகிற விமானம் எதுவும் கிடையாது. நடுவில் காத்திருக்கும் ஐந்து மணி நேரத்தையும், அந்த ஊர்க் கடிகாரம் நம்மை விட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுவதையும் கோடு சொல்லவில்லை. அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவள் அவள்.

இலக்கியாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. செந்தமிழ்செல்வன் பேசியது எப்போதும் இலக்கியாவின் போனிலிருந்துதான்; அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

சபாபதிக்கு அடித்தாள். அவர் எங்கோ வண்டிச் சத்தத்துக்கு நடுவில் இருந்தார். நடந்ததைச் சொன்னாள்.

"டிக்கெட்ல இருவத்தொண்ணுன்னுதானே அடிச்சிருக்கு?"

"ஆமாங்க சார்."

"அப்ப நம்ம மேல தப்பு இல்ல. விசா தேதிய பாத்துக்கிறது பார்ட்டியோட வேல."

"சார், இருவதுக்குள்ள போயிடலாம்னு நான்தான் வாயால சொன்னேன்."

"வாயால சொன்னத யாரு பாத்தா? நீ எதுவும் பண்ணாத. அவுங்க லைன்ல வந்தா பக்குவமா சொல்லு. புது டிக்கெட் வேணும்னா பணத்த அனுப்பச் சொல்லிட்டு அப்பறம் போடு."

போனை வைத்தபோது மணி பத்து இருபது. அதே விமான நிறுவனத்தில் பிற்பகலில் கிளம்பும் இன்னொரு விமானத்தில் இடம் இல்லை. வேறு ஒன்றில், கோலாலம்பூர் வழியாக, மூன்று இடம் இருந்தது. சென்னையில் மாலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி, மறுநாள் அங்கே பிற்பகல் மூன்று நாற்பதுக்கு இறங்குவது. கவுன்டரை நாலு நாற்பதுக்கு மூடிவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று என்பது இரண்டாக ஆனது.

குடிகாட்டிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம். பன்னிரண்டு மணிக்காவது வண்டி நகர்ந்துவிட வேண்டும்.

கேட்டு, பேசி, பணம் வந்த பிறகு என்றால் அந்த இரண்டும் இருக்காது. டிக்கெட் எடுக்கக் கடை முன்கூட்டியே கட்டி வைத்திருந்த டெபாசிட்டிலிருந்து இலக்கியாவின் பெயருக்கு டிக்கெட்டைப் போட்டாள். பழையதை ரத்து செய்தாள். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிரின்ட் எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"ஐயா, கடைய மூடணும். தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கெழம மத்தியானம் பொறப்படுங்க, ஞாயிறு இல்ல."

"வெளங்கிடுச்சும்மா. நீ பாத்துப் போ" என்றார் சுப்பராயலு. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. ஷட்டரை இறக்க ஒரு கை கொடுத்தார்.

ஸ்கூட்டியை எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடலூர் ரோட்டைப் பிடித்தாள். பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஓரங்கட்டி நிறுத்தி அடித்துப் பார்த்தாள். போய்க்கொண்டே இருந்தது மணி. புதுச்சத்திரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் பெட்டி பெட்டியாகப் போனது, அவள் எண்ண ஆரம்பித்து முப்பத்திரண்டில் விட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற லாரிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் எதிர்க்காற்று. செம்மங்குப்பத்தில் ரசாயனக் கம்பெனிகளின் வாடை மூக்கில் ஏறியபோது இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று தெரிந்தது. வழியெல்லாம் ஒரே கணக்கு மனதில் ஓடியது. அவர்கள் வீட்டில் இருந்தால் பன்னிரண்டுக்குள் கிளம்பலாம். இல்லாவிட்டால்? இருக்கிறார்கள், போனை எடுக்காமல் தூங்குகிறார்கள். ஊருக்குப் போகிற நாளில் யார் தூங்குவார்கள். அப்படியானால் எங்கே?

குடிகாட்டில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பந்தல் மாதிரி ஒரு துணி கட்டி, நாலைந்து நாற்காலி போட்டிருந்தார்கள். பின்பக்கம் கறி வேகிற வாசனை வந்தது. இலக்கியாவின் மாமியார் பட்டம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சிதம்பரத்து டிராவல்ஸ் பொண்ணுதானே நீ? வா வா. வழியனுப்ப வந்தியா? சாய்ங்காலம் ஆறு மணிக்குத்தானே பொறப்படறாங்க."

"இலக்கியா அக்கா எங்கம்மா?"

"அவளும் எம் மவனும் கடலூருக்குப் போயிருக்காங்க. கண்ணாடி போட்டிருக்காள்ல, இன்னொரு கண்ணாடி செஞ்சி எடுத்துனு போறேன்னா. போன சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டா. அதுவும் காலைலேருந்து கத்தினே கீது, எனக்கு எடுக்கத் தெரியல."

சுவரோரம் கிடந்த அந்த போனில் அனுப்பிரியாவின் பெயரே ஏழு தடவை இருந்தது.

பட்டம்மாள் சொன்ன எண்ணுக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். செந்தமிழ்செல்வன் எடுத்தார். திருப்பாதிரிப்புலியூரில் கண்ணாடிக் கடையில் இருந்தார்கள்.

"அண்ணே, அக்காகிட்ட குடுங்க. அவசரம்."

இலக்கியா வாங்கினாள். 

"அக்கா, நம்ம டிக்கெட் இருவதாந்தேதி ராத்திரின்னு நெனச்சோம்ல. அது இருவத்தொண்ணு. பன்னண்டு தாண்டி அம்பது நிமிஷம். அந்த ஃபிளைட்ல போனா உள்ள வுட மாட்டாங்க. என் தப்புதான்க்கா. வேற டிக்கெட் போட்டுட்டேன். சாய்ங்காலம் அஞ்சு நாப்பதுக்கு. இப்பவே பொறப்படணும்."



"இப்பவேன்னா?"

"இன்னும் அரை மணி நேரத்துல கடலூர தாண்டிடணும்."

"சுவேதா ஸ்கூல்ல இருக்கா" என்றாள் இலக்கியா.

 போன் செந்தமிழ்செல்வனின் கைக்கு மாறியது. அவர் குரல் உயர்ந்தது. "ஏம்மா, மூணு வருஷமா ஓடுனது ஒனக்கு வெளயாட்டா?" என்று தொடங்கியவர் தானே நிறுத்திக்கொண்டார். "பொட்டி ரெண்டும் கட்டில் மேல இருக்கு. பூட்டல. ராபர்ட்டு வண்டிய வரச் சொல்றேன், அதுல ஏத்தி அனுப்பு."

ராபர்ட் அவருடைய பள்ளிக்கூட சிநேகிதர், சொந்தக் கார் ஓட்டுபவர். மாலைக்கு வர வேண்டியவர் குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஈரத் தலையோடு பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். அதற்குள் அனுப்பிரியா பெட்டிகளை மூடினாள். பட்டம்மாள் வாக்கரை ஒரு கையால் பிடித்தபடி ஊறுகாய் பாட்டில், முந்திரிப் பருப்பு, மஞ்சள் தூள் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். எடையைப் பற்றி அனுப்பிரியா வாயைத் திறக்கவில்லை. ஊறுகாயை மட்டும் வெளியே வைத்தாள்.

"பாஸ்போர்ட்டு எங்கம்மா வச்சிருக்காங்க?"

"சாமி படத்துக்குக் கீழ."

பாஸ்போர்ட், விசாக் கடிதம், சான்றிதழ் கவர், சார்ஜில் கிடந்த போன். நான்கையும் சத்தமாகச் சொல்லி எண்ணிக் கைப்பையில் போட்டாள். கார் நகரும்போது பட்டம்மாள் ஜன்னலில் கை வைத்து, "அவள நான் பாக்கவே இல்லியேம்மா" என்றார். அனுப்பிரியா அந்தக் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டாள்.

மஞ்சக்குப்பத்தில் சுவேதாவின் பள்ளிக்கூட வாசலில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு பத்து. இலக்கியா வீட்டில் உடுத்தும் பழைய சுடிதாரில் இருந்தாள். புதுக் கண்ணாடி உறையோடு கையில் இருந்தது. செந்தமிழ்செல்வன் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். காவலாளி மேடத்திடம் கேட்க வேண்டும் என்றார். மேடம் வகுப்பில் இருந்தார்.

அனுப்பிரியா காரைவிட்டு இறங்கவில்லை. ராபர்ட் என்ஜினை அணைக்கவில்லை. பன்னிரண்டு பதினொன்று, பன்னிரண்டு பன்னிரண்டு என்று போனில் நிமிடம் மாறுவதை அவள் பார்த்தாள். போகலாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் இருந்தால் எல்லாமே போய்விடும் என்பதும் தெரிந்தது.

சுவேதா வந்தாள். முதல் வகுப்பு. டிஃபன் பாக்ஸைத் திறந்த கையோடு வந்திருந்தாள், விரலில் தயிர்சாதம். இலக்கியா மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா வந்துட்ட? சாய்ங்காலம் நான் வந்தப்பறம்தானே போவேன்னு சொன்ன?"

"ஃபிளைட்டு சீக்கிரம் போவுதாம் பாப்பா."

"நான் ஒனக்கு ஒரு கார்டு செஞ்சேன். அது வீட்ல கீது. இன்னும் கலர் அடிக்கல."

"அப்பா போட்டோ எடுத்து அனுப்புவாரு. நல்லா கலர் அடிச்சு வையி."

"மேடம் திட்டுவாங்க, நான் கை கழுவல."

இலக்கியா தன் துப்பட்டாவால் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஐந்தாவது விரலைத் துடைத்து முடித்ததும் மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள். அனுப்பிரியா இறங்கிப் போய், "அக்கா" என்றாள். 

இலக்கியா எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்து காரில் ஏறினாள். செந்தமிழ்செல்வன் முன்னால் ஏறிக்கொண்டார். அனுப்பிரியா மடித்த டிக்கெட்டையும் பாஸ்போர்ட், கடிதம், கவர், போனையும் ஜன்னல் வழியே கொடுத்து, கோலாலம்பூரில் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று சொன்னாள். இலக்கியா கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னால் பார்வை பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்தது. பன்னிரண்டு பதினெட்டுக்குக் கார் கிளம்பியது.

அதற்குப் பிறகு செய்வதற்கு வேலை இல்லாமல் போனதுதான் பெரிய பாடாக இருந்தது. ஸ்கூட்டி குடிகாட்டில் நின்றது. கடலூர் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். அது கிளம்ப நேரம் ஆகும் என்றதும் இறங்கி நின்றாள், மறுபடி ஏறினாள். ராபர்ட்டின் எண்ணிலிருந்து ஒன்றேகாலுக்குப் புதுச்சேரி தாண்டியாச்சு என்று வந்தது. இரண்டு பதினைந்துக்குத் திண்டிவனம். மூன்று மணிக்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்றரைக்கு, செங்கல்பட்டுக்கிட்ட வண்டி நகரவில்லை, லாரி கவிழ்ந்திருக்கு என்று வந்தது. அவள் பட்டம்மாளின் வீட்டு வாசலில் பந்தல் துணிக்குக் கீழே நின்று அதைப் படித்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் பட்டம்மாள்.

"போயிட்டே இருக்காங்கம்மா."

கறிக்குழம்பு பானை மூடியபடி இருந்தது. யாரும் சாப்பிடவில்லை. பட்டம்மாள் அவளுக்குத் தட்டு வைத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நாலு மணிக்குப் பள்ளி வேனில் வந்து இறங்கிய சுவேதா செருப்பைக்கூடக் கழற்றாமல் கலர் பென்சில் டப்பாவைத் தேடினாள்.

நாலு இருபத்தாறுக்கு போன் அடித்தது. செந்தமிழ்செல்வன். மூச்சு வாங்கியது.

"உள்ள போயிட்டா. பொட்டிய எட போட்டுனு இருக்காங்க, கண்ணாடி வழியா தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "கடசி ஆளு அவதான்" என்றார்.

அனுப்பிரியா தட்டில் இருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். அதற்காக நிம்மதி வந்துவிடவில்லை. இறங்கும் வரைக்கும் ஒன்றும் முடிவதில்லை. அந்த விமானம் தாமதமானால், நடுவில் அடுத்ததைப் பிடிக்க முடியாமல் போனால், அங்கே கவுன்டரில் யாராவது வேறு எதையாவது கேட்டால். சிதம்பரத்துக்கு ஸ்கூட்டியை ஓட்டிப் போகும்போதும் அதுவே. வீட்டில் அம்மா பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கடையைத் திறந்துவிட்டாள். திரையில் சின்ன விமானப் படம் ஒன்று ஆஸ்திரேலியாவைத் தாண்டி நீலத்தின் மேல் ஊர்ந்தது. இன்னும் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். டேபிளைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். ஒன்பது பத்துக்கு இறங்கிவிட்டது என்று காட்டியது. ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. இலக்கியாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

பத்தேகாலுக்குச் சபாபதி சென்னையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். பையை வைத்துவிட்டு நின்றபடியே டெபாசிட்டைத் திறந்து பார்த்தார்.

"நான் சொன்னது ஒன் காதுல வுழலியா?"

"வுழுந்துச்சு சார்."

"அப்பறம்?"

"நான் சொன்ன தேதிய நம்பித்தான் அவுங்க டிக்கெட் போட்டாங்க. வித்தியாசத்த என் சம்பளத்துல புடிச்சிக்குங்க."

"புடிக்கத்தான் போறேன்" என்றார் அவர். கோபம் இன்னும் இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து, திரையைப் பார்க்காமல் கேட்டார். "எறங்கிட்டாங்களா?"

"ஃபிளைட்டு எறங்கிடுச்சு சார். அவுங்க வெளிய வந்தாங்களான்னு தெரியல."

பத்து முப்பத்தைந்துக்கு வாட்ஸ்ஆப்பில் அழைப்பு வந்தது. அவள் எழுந்து நின்று எடுத்தாள்.

"அனு, வெளிய வந்துட்டேன்" என்றாள் இலக்கியா. குரல் கரகரத்திருந்தது. "கவுன்டர்ல இருந்த பொம்பள லெட்டர பாத்துட்டு இன்னிக்குத்தான் கடசி நாளு, தெரியுமான்னு கேட்டா. தெரியும்னேன். பொட்டியில இருந்த மஞ்சத்தூளு, முந்திரியெல்லாம் கொட்டிப் பாத்தாங்க, அதான் லேட்டு."

"சரிக்கா." 

"ஒன் மேல கோவம் எனக்குப் போவல. அத்தைய பாக்காம வந்தேன். பாப்பாவ நாலு நிமிஷம் பாத்தேன். ஃபிளைட்ல பூரா அதான் நெனச்சினு வந்தேன். நீ போன எடுத்து சொல்லாம வுட்டிருந்தா நாளைக்கு இந்நேரம் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க, அதுவும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா இருக்கு, என்னா பண்றதுன்னு தெரியல."

"கோவப்படுங்கக்கா. பரவால்ல."

"பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல்லேருந்து வருவா. எனக்கு அப்ப ராத்திரி பத்தரை. அத்தைக்கு வீடியோ கால் எடுக்கத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட்டு. நீ போயி எடுத்துக் குடுக்கிறியா?"

அனுப்பிரியா சபாபதியைப் பார்த்தாள். அவர் டெபாசிட் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல், "மூணு மணிக்கு பொறப்படு" என்றார்.

"வர்றேன்க்கா" என்றாள் அவள்.